அவரவர் இடத்தில் நின்ற காலை

லவ்டேல் பேருந்து நிறுத்தத்தில் குடையை மடக்கி உதறிக்கொண்டிருந்தபோது கைப்பேசி அதிர்ந்தது. வாட்ஸ்அப்பில் எங்கள் பழைய ‘லைன் டீம்’ குழு. வேலை முடிந்து ஆளுக்கொரு திசையில் பிரிந்த பிறகு அதில் பேச்சே கிடையாது. யாரோ தன் ரப்பர் பூட்ஸைத் திருப்பிக் கேட்டதுதான் கடைசிச் செய்தி. இப்போது ஜீப் ஓட்டுநர் சிராஜ் எழுதியிருந்தார்: “நம்ம ஜெயசீலன் சார் காலைல போயிட்டாருங்க. ஹார்ட்.” கீழே வரிசையாகக் கூப்பிய கைகள். நடுவில் ஒருவர், மேலே இருப்பதைப் படிக்காமல், ரோஜாப்பூவுடன் காலை வணக்கம் போட்டிருந்தார். சற்று நேரத்தில் அதை அழித்தும் விட்டார். ஜெயசீலன் பார்த்திருந்தால் அந்த ரோஜாவைத்தான் வாரக்கணக்கில் சொல்லிச் சிரித்திருப்பார். எனக்கு அழுகை வரவில்லை. பல நாளாக உடம்பில் கிடந்த களைப்பு இன்னும் கொஞ்சம் கனத்தது. பேருந்து வந்தது. ஏறத் தோன்றவில்லை.

அவரோடு வேலை செய்தவர்களுக்கு அவரைப் பற்றி நான் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அறியாதவர்களுக்காக இவ்வளவு: குன்னூரில் இருந்த எங்கள் சிறிய அலுவலகத்தின் வேலை, உயரழுத்த மின்பாதையை எந்த வழியாகக் கொண்டுபோனால் சேதம் குறையும் என்று ஆராய்ந்து சொல்வது. சோலை, புல்வெளி, ஓடை, பறவை எல்லாம் என் பங்கு. கோயில், வழிபாட்டு இடம், சுடுகாடு, ஊர் கூடும் இடம் அவர் பங்கு. மலையில் வேலை பார்த்தாலும் பாலிஷ் போட்ட ஷூவைத்தான் அணிவார். அட்டைக்குப் பயப்படுவார். ஜீப்பில் முன்சீட்டை யாருக்கும் விட்டுத்தர மாட்டார். அவர் இறங்கிப் போன பிறகு அந்த சீட்டில் அவர் தின்ற ஊட்டி வர்க்கியின் தூள் கிடக்கும்.

நடுவட்டம் பக்கம் ஒரு பாதை திட்டமிட்டபோதுதான் நாங்கள் இருவரும் முதன்முதலில் முட்டிக்கொண்டோம். வரைபடத்தில் ஒவ்வொரு இடத்துக்கும் மதிப்பெண் போடுவோம். தொடக்கூடாத இடத்துக்கு அதிகம், தொட்டால் தாங்கும் இடத்துக்குக் குறைவு. கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்து, குறைந்த மதிப்பெண் வழியாக ஒரு கோடு போடும். என் சோலைக்கும் புல்வெளிக்கும் அதிக மதிப்பெண். பழங்குடி மக்களின் வழிபாட்டு இடங்களுக்கும் அப்படியே. அவற்றையெல்லாம் விட்டு விலகி வந்த கோடு, ஒரு தேயிலைத் தோட்டத்தின் மேல் சரிவில் விழுந்தது. அது சிலோனிலிருந்து வந்து குடியேறிய தோட்டத் தொழிலாளர்களின் இடுகாடு. எந்த ஆவணத்திலும் அது இடுகாடு என்று இல்லை.

திட்ட மேலாளர் கேட்டார். “இவங்க இங்க வந்தே எவ்வளவு வருசம் சார் ஆகுது? பழைய எடம்னா மார்க் போடலாம். இதைப் பாரம்பரியம்னு எப்படிக் காட்டறது?”

“ஏனுங்க, செத்தவங்களுக்கு என்னங்க சீனியாரிட்டி?” என்றார் ஜெயசீலன்.

அறையில் எல்லோரும் சிரித்துவிட்டோம். அவர் சிரிக்கவில்லை. என் பக்கம் திரும்பினார். ‘காட்டு மேடம்’ என்பது காட்டைப் பார்த்துக்கொண்ட எனக்கு அவர் வைத்த பெயர். “காட்டு மேடம், சோலைக்குப் போட்டதுல ரெண்டு மார்க் கொறைச்சீங்கன்னா இந்தக் கோடு அந்தாண்ட போயிருங்க.”

“கொறைக்க முடியாதுங்க சார்.”

“தெரியும். கேட்டுப் பாத்தேன்.”

இன்று கேட்டாலும் குறைக்க மாட்டேன். அந்தச் சோலை போனால் கீழே ஓடையும் போய்விடும். எங்கள் இருவரில் யார் சொன்னதும் தவறில்லை. இந்த வேலையில் ஆளைச் சோர்ந்துபோக வைப்பது அதுதான். அன்று மாலை படியிறங்கும்போது சொன்னார்: “கம்ப்யூட்டருக்கு யாரு மேலயும் கோவமில்லீங்க. நாம பேரெழுதாத எடமெல்லாம் அதுக்குக் காலி எடம். அவ்வளவுதான்.”

பெயர் எழுத வேண்டுமானால் எல்லை காட்ட வேண்டும். அங்கே எல்லாம் மண்மேடுகள். இரண்டு மழைக்காலம் போனால் தரையோடு தரையாகிவிடும், மேலே பெரணிச் செடி மூடிவிடும். எங்கெங்கே புதைத்தீர்கள் என்று தோட்டத்து ஆட்களிடம் கேட்டபோது ஒருவர் சொன்னது போல இன்னொருவர் சொல்லவில்லை. மேலாளர் கையை விரித்தார். “இதை டேட்டான்னு வெச்சா நாளைக்கு நம்மளைத்தான் கேப்பாங்க சார்.”

ஜெயசீலன் வாதாடவில்லை. தோட்டத்துக்கு லீவு நாளாகிய ஒரு ஞாயிறன்று எல்லோரையும் அந்தச் சரிவுக்கு வரச் சொன்னார். வாயால் சொல்ல வேண்டாம், அவரவர் தன் ஆள் கிடக்கும் இடத்தில் போய் நில்லுங்கள் என்றார். மேலாளரையும் கூட்டி வந்திருந்தார். ஜெயசீலன் ஒவ்வொரு பெயராகக் கேட்டு எழுத, நான் ஜிபிஎஸ் கருவியோடு ஒவ்வொருவரிடமும் போய்ப் புள்ளி எடுத்தேன். பத்தடி தள்ளி நிற்பவர் தெரியாத பனி.

“ஐயா, எனக்கு ரெண்டு பேரு. அப்பனும் சம்சாரமும். ஆரு கிட்ட நிக்கட்டும்?” என்று ஒரு பெரியவர் குரல் கொடுத்தார்.

“சம்சாரத்துக்கிட்ட நில்லுங்க. அப்பாரு கோவிச்சுக்க மாட்டாரு.”

“எங்க மாமியா கிட்ட நான் நிக்க மாட்டேன். இவரு போயி நிக்கட்டும்” என்றாள் ஒரு பெண்.

“அது உசுரோட இருக்கறப்பவே நீ நிக்கலியே!” என்று பனிக்குள்ளிருந்து யாரோ சொல்ல, சரிவு முழுக்கச் சிரிப்பு பரவியது.

பாக்கியம் என்ற அம்மா சிரிக்கவில்லை. கொழுந்து பறிப்பவர். பக்கத்தில் பனியினூடே மங்கலாகத் தெரிந்த இரண்டு சில்வர் ஓக் மரங்களைத் திரும்பத் திரும்பப் பார்த்து, முன்னே ஓரடி பின்னே ஓரடி வைத்து, ஓரிடத்தில் நின்றார். பள்ளிக்கூடம் போகும் வயதில் காய்ச்சலில் போன மகன். புள்ளி எடுத்து முடித்தும் அவர் நகரவில்லை. “எம்புள்ள மேல கம்பம் நட்டுராதீங்க” என்று மட்டும் சொன்னார். பனி விலகியபோது சரிவில் இடைவெளியே இல்லாமல் ஆட்கள் நின்றிருந்தார்கள். மேலாளர் சரிவை மேலிருந்து கீழ்வரை பார்த்துவிட்டு, “சரி சார், மார்க் போட்டுருங்க” என்றார்.

மின்கோபுரங்கள் சரிவுக்கு வெளியே இரண்டு பக்கமும் தள்ளிப் போயின. மேலே கம்பிகள் மட்டும் கடக்கும். நடுவட்டம் டீக்கடையில் எங்களுக்கெல்லாம் ஜெயசீலன்தான் வாங்கிக் கொடுத்தார். ஜெயித்துவிட்டதாகத்தான் நினைத்தோம்.

கம்பிக்குக் கீழே உயரமான மரம் நிற்கக் கூடாது. விதி அது, அறிக்கையில் வேறொரு தலைப்பின் கீழ் எல்லாம் ஒழுங்காகவே இருந்தது. வேலை நடந்தபோது சரிவின் சில்வர் ஓக் மரங்கள் வெட்டப்பட்டு, கட்டைகளும் தோண்டி எடுக்கப்பட்டன. சில நாளில் பாக்கியம் ஜெயசீலனுக்குப் போன் செய்தார். நான் எதிர் மேசையில் இருந்தேன். அந்தக் குரல் எனக்கும் கேட்டது.

“கம்பத்தத் தள்ளி வச்சிட்டீங்க சார், நல்லா இருப்பீங்க. ஆனா மரமெல்லாம் இல்ல சார். எம்புள்ள எங்கன இருக்கான்னு எனக்குத் தெரியல.”

ஜெயசீலன் போனை வைத்துவிட்டு வெகுநேரம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். “மனுசங்களைக் குறிச்சோம். அவங்க எதைப் பாத்துட்டு வந்து நின்னாங்கன்னு குறிக்கலியே” என்றார். அதற்குப் பிறகு எந்த ஊருக்குப் போனாலும் அவருடைய முதல் கேள்வி, இந்த இடத்துக்கு எதை அடையாளம் வைத்து வருவீர்கள் என்பதுதான். மரமும் பாறையும் வரப்பு வளைவும் எங்கள் வரைபடத்தில் ஏறின. அந்தச் சரிவுக்கு மட்டும் அது பிந்திவிட்டது.

பாக்கியத்தின் மகன் இறந்த நாளில் ஒவ்வோர் ஆண்டும் ஜெயசீலன் அங்கே போனார். அன்று நாங்கள் எடுத்த புள்ளிகளைத் தன் கைப்பேசியில் போட்டு வைத்திருந்தார். அதைப் பார்த்துக்கொண்டே முன்னால் நடப்பார், அந்த அம்மா பின்னால் போவார். மறுநாள் அலுவலகத்தில் சேறு அப்பிய ஷூவைத் துடைத்துக்கொண்டிருப்பார். அதைப் பற்றிப் பேச மாட்டார், நானும் கேட்டதில்லை.

குன்னூரில் ஜெயசீலனின் அடக்கம் முடிந்து எல்லோரும் கலைந்தபோது பாக்கியம் என்னிடம் வந்தார். இரண்டு பஸ் மாறி வந்திருந்தார்.

“மேடம், அந்தப் புள்ளி ஒங்ககிட்ட இருக்குங்களா? சார் போனுல இருந்துச்சு. அவரு மகன்கிட்ட இன்னைக்குப் போயி கேக்க மனசு வரல.”

“இருக்குங்கம்மா.”

“வர்ற மாசம் எம்புள்ள நாளு. சொணங்காம வந்துருங்க.”

போன வாரம் போனேன். மேலே கம்பிகள் ஈரத்தில் இரைந்துகொண்டிருந்தன. பெரணியை விலக்கி விலக்கி நடந்தோம். கைப்பேசி காட்டிய இடத்தில் நின்றேன். என் படிப்பும் பழக்கமும் சும்மா இருக்க விடவில்லை.

“அம்மா, இது கொஞ்சம் முன்னப் பின்னக் காட்டும். இதே எடம்னு உறுதியாச் சொல்ல முடியாதுங்க.”

“சார் மொத வருசமே சொல்லிட்டாரு மேடம். ‘இதுக்கு மேல எனக்குத் தெரியாது பாக்கியம், நீங்களே பாத்து நில்லுங்க’ன்னுட்டு அந்தப் பக்கமாத் திரும்பிக்குவாரு.”

சொல்லிவிட்டு அவர் நகராமல் நின்றார். எனக்காகக் காத்திருக்கிறார் என்பது புரியச் சற்று நேரமானது. கைப்பேசியைப் பைக்குள் போட்டுவிட்டு ரோட்டைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். பின்னால் பெரணி ஒடியும் சத்தம் கேட்டு, நின்றது. ஒரே ஒரு முறை திரும்பிப் பார்த்துவிட்டேன். நான் காட்டிய இடத்துக்குச் சற்றுக் கீழே உட்கார்ந்து, மழையில் விளையாடிவிட்டு வந்த பிள்ளையை அதட்டுகிற குரலில் எதையோ சொல்லிக்கொண்டிருந்தார்.

ஜெயசீலனின் கேலிகள் உங்கள் ஒவ்வொருவரிடமும் சில இருக்கும். என்னிடம் இது இருக்கிறது: தெரிந்த தூரம் வரை வழிகாட்டிவிட்டு, அதற்கு மேல் திரும்பி நின்றுகொள்வது. அடுத்த வருடமும் வருவதாகப் பாக்கியத்திடம் சொல்லியிருக்கிறேன். அப்போது திரும்பிப் பார்க்க மாட்டேன்.