தூசிக்கு வெல்லம்

பெருங்களத்தூரில் எங்கள் எதிர் ஃப்ளாட்டில் கிரானைட் அறுக்கிறார்கள். அந்த வறண்ட கல்வாசனை ஜன்னல் வழியாக வந்ததும், இப்போது இல்லாமல் போய்விட்ட பம்மல் கல்குவாரியின் மத்தியானம் ஒன்று கண்ணுக்குள் விரிகிறது.

குவாரிப் பள்ளத்தை ஒட்டித்தான் எங்கள் குடிசை. கல் அரைக்கும் கிரஷர் ஓடும்வரை வெயிலே வெள்ளையாக இருக்கும். எருக்கஞ்செடியும் காயப்போட்ட துணியும் ஜல்லி உடைக்கும் அம்மாவின் புருவமும் ஒரே நிறத்தில் மங்கிக் கிடக்க, மாவு போன்ற அந்தப் புழுதியில் நான் கால் புதையப் புதைய நடந்துகொண்டே இருப்பேன். கிரஷர் நின்றதும் அம்மா முந்தானை முடிச்சை அவிழ்ப்பாள்.

"வெல்லத்த வாயில போட்டுக்கோடா. தொண்டைல கீற தூசியெல்லாம் எறங்கிடும்."

குவாரியில் எல்லோரும் அப்படித்தான் நம்பினார்கள். அந்த வெல்லத்துக்காகவே நான் தூசியில் சுற்றினேன்.

அம்மா இருமி இருமியே போனாள். போன வாரம் என் எக்ஸ்ரேயைப் பார்த்த டாக்டர், "சிகரெட் பிடிப்பீங்களா சார்?" என்றார். இல்லை என்றேன். வெல்லத்தைப் பற்றி அவர் கேட்கவில்லை.

எதிரே மெஷின் சத்தம் ஏறுகிறது. நெஞ்சு இறுகுவதற்கு முன்பே எனக்கு எச்சில் ஊறிவிடுகிறது.