காட்டு வீதியில் நான் நித்திரை கொண்ட நாள்

என் தங்கை நோர்வேயிலிருந்து வந்திறங்கியபோது அவளோடு ஒரு பெரிய அட்டைப்பெட்டியும் வந்தது. அம்மாவின் முதலாம் ஆண்டு நினைவுப் பூசைக்கு வருகிறவள் வீட்டுக்கு ஏதோ சாமான் கொண்டுவருகிறாள் என்று நினைத்தேன். பெட்டிக்குள் இருந்தது ஒரு சைக்கிள். அதன் கைபிடி ஆட்டுக்கொம்பு மாதிரிக் கீழ்நோக்கி வளைந்திருந்தது. டயர்கள் தடிப்பாய், கட்டை கட்டையாய் இருந்தன. அவள் இருக்கும் ஊரில் மலையும் காடும்தானாம். அங்கேயுள்ள தார் போடாத கிரவல் வீதிகளில் ஏறி இறங்குவதற்கென்றே செய்த சைக்கிள் இது என்றாள். சனி ஞாயிறுகளில் நாலைந்து பெண்களாய்ச் சேர்ந்து நாள் முழுக்க ஓடுவார்களாம்.

நான் கேட்டுக்கொண்டிருந்தேன். அந்த நாட்களில் யார் எதைச் சொன்னாலும் கேட்டுக்கொண்டிருப்பதுதான் எனக்கு இலகுவாக இருந்தது. பதில் சொல்வதென்றால் வாயைத் திறக்க வேண்டும்.

அம்மா பாரிசவாதத்தில் கை கால் விளங்காமல் விழுந்தபோது நான் கூட்டுறவுச் சங்கக் கந்தோரில் வேலை செய்துகொண்டிருந்தேன். வீட்டில் வேறு ஆளில்லை. அப்பா முன்னமே காலமாகிவிட்டார், எனக்குக் கலியாணம் சரிவரவில்லை, தங்கை பள்ளிக்கூடம் முடித்த கையோடு வெளிநாடு போனவள். வேலையை விட்டேன். அதற்குப் பிறகு ஏழு வருடம் அம்மாவோடுதான். இரவில் அடிக்கடி எழும்பி அம்மாவைப் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும், இல்லாவிட்டால் முதுகு புண்ணாகிவிடும். அம்மா கண்ணை மூடியபிறகு, இனியாவது நன்றாக நித்திரை கொள் என்று எல்லோரும் சொன்னார்கள். ஒரு வருடமாகியும் உடம்பு அதே நேரங்களில் எழும்பிக்கொண்டிருந்தது. எழும்பிப் பார்த்தால் கட்டில் வெறுமையாகக் கிடக்கும். பிறகு விடியும்வரை கூரை முகட்டைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

பூசை முடிந்து உறவுக்காரர் கலைந்துபோன பிறகு, ஒருநாள் காட்டுப்பக்கம் சைக்கிளில் போய்வருவோம் என்று தங்கை தொடங்கினாள். எங்கள் வங்காலையில் எந்தப் பக்கம் போனாலும் தரை தட்டைதான். உயிலங்குளத்துக்கு அப்பால், வயல்களைத் தாண்டிக் காட்டுக்குள் போகும் கிரவல் வீதி கொஞ்சம் ஏறி இறங்கும் என்று எங்கள் சித்தப்பாவின் மகன் சொல்லியிருந்தான். அவன் அந்தப் பக்கம் நெல் ஏற்றப் போகிறவன். வர முடியாது என்று சொல்ல எனக்குக் காரணங்கள் இருந்தன. ஆனால் அவளோடு வாதாடுவதும் ஒரு வேலை. வாறன் என்று சொல்லிவிட்டேன்.

அவனுடைய சிறிய லொறியில் இரண்டு சைக்கிள்களையும் ஏற்றிக்கொண்டு விடியப் போனோம். எங்களைக் குளக்கட்டில் இறக்கிவிட்டு அவன் நெல் ஏற்றப் போய்விட்டான். எனக்கு என்னுடைய பழைய லேடீஸ் சைக்கிள், முன்னால் கூடை பூட்டியது. கூடைக்குள் தண்ணீர்ப் போத்தலும் பாணும் சம்பலும். தலையில் தங்கை மாட்டிவிட்ட ஹெல்மெட். குளக்கட்டில் நின்ற இரண்டு பெண்கள் எங்களைப் பார்த்துச் சிரித்தார்கள். எனக்கு வெட்கப்படவும் தெம்பிருக்கவில்லை.

காடு தொடங்கியதும் வீதி சிவந்தது. சோளகக் காற்று மரங்களுக்கு மேலே இரைந்துகொண்டு போனது, கீழே புழுக்கம். கிரவலில் மழைக்காலத்து லொறித் தடங்கள் காய்ந்து வரி வரியாய்க் கிடந்தன. ஒவ்வொரு வரியும் என் முதுகெலும்பில் வந்து இடித்தது. முதலாவது ஏற்றத்திலேயே இறங்கித் தள்ளினேன். மேலே போய் நின்ற தங்கை திரும்பி வந்து, தன் சைக்கிளின் சீட்டைப் பதிவாய் இறக்கி என்னிடம் தந்துவிட்டு என்னுடையதை வாங்கிக்கொண்டாள். வேண்டாம் என்றேன். அவள் கேட்கவில்லை.

அவளுடைய சைக்கிளில் கியரை மாற்றினால் கால் சும்மா சுற்றியது. சைக்கிள் நத்தை மாதிரி ஏறியது, ஆனால் ஏறியது. திரும்பிப் பார்த்தால், மலைகளில் ஓடிப் பழகியவள் என் பழைய சைக்கிளில் எழும்பி நின்று மிதித்து, முகமெல்லாம் சிவந்து, மூச்சு வாங்கிக்கொண்டு வந்தாள். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து எவ்வளவு காலமென்று அந்த நேரத்தில் யோசிக்கவில்லை. இறக்கத்தில் பிரேக்கை விடச் சொல்லிப் பின்னாலிருந்து கத்தினாள். நான் விடவில்லை. அடிவாரம் வரைக்கும் இறுக்கிப் பிடித்ததில் விரல்கள் மரத்துப்போயின.

இன்னும் இரண்டு மேடு ஏறியிருப்போம். பாறை தெரிந்த ஒரு மேட்டின் உச்சியில் பெரிய பாலை மரம் நின்றது. சற்று இருந்துவிட்டுப் போவோம் என்றேன். ஹெல்மெட்டைக் கழற்றி வேரில் சாய்ந்தது நினைவிருக்கிறது. அவள் பாணை எடுத்து நீட்டியதும் நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு ஒன்றுமில்லை.

கண் விழித்தபோது வெயில் இடம் மாறியிருந்தது. தங்கை எனக்கு முன்னால் குந்தியிருந்தாள். அவளுடைய ஒரு கை என் வாய்க்கு மேலே, தொடாமல் நின்றது. மற்றக் கையால் கீழே காட்டினாள். இறக்கத்தின் அடியில், நாங்கள் போகவேண்டிய வழியில், ஒரு யானை நின்றது. கொப்பொன்றை முறித்துக் காலில் அடித்து அடித்துத் தின்றுகொண்டிருந்தது. நான் விழித்தவுடன் ஏதாவது சத்தம் போட்டுவிடுவேன் என்று அவள் கையைத் தயாராக வைத்துக்கொண்டு இருந்திருக்கிறாள். அது வந்து கனநேரமாகிவிட்டது என்று பிறகு சொன்னாள். காற்று அதன் பக்கமிருந்து எங்கள் பக்கம் வீசியதால் எங்கள் மணம் அதற்குப் போகவில்லை.

உண்மையைச் சொன்னால் எனக்குப் பயம் வரவில்லை. நல்ல நித்திரையிலிருந்து எழும்பிய உடம்பு கனமாகவும் சுகமாகவும் இருந்தது. எழும்பி ஓடு என்று யாராவது சொல்லியிருந்தால்கூட ஓடியிருக்க மாட்டேன்.

நாங்கள் வந்த பக்கமிருந்து உழவு இயந்திரமொன்றின் சத்தம் கேட்டதும் யானை காட்டுக்குள் இறங்கியது. இயந்திரத்தை ஓட்டிவந்தவர் வயதான முஸ்லிம் கமக்காரர், விறகுக்குப் போகிறவர். எங்களையும் சைக்கிள்களையும் பார்த்துத் தலையில் கை வைத்தார். அது தனியன் யானை, கொஞ்ச நாளாக இந்த வீதியில்தான் திரிகிறது, இதற்கு மேல் ஓரடி போகக்கூடாது என்றார். விறகை விட்டுவிட்டு இயந்திரத்தைத் திருப்பினார். சைக்கிள்களைப் பின்னால் பூட்டியிருந்த பெட்டியில் ஏற்றி, எங்களையும் ஏறச் சொன்னார்.

பெட்டியில் சைக்கிள்களைப் பிடித்துக்கொண்டு எதிரெதிரே இருந்தோம். கனதூரம் வந்த பிறகு தங்கை இயந்திரத்தின் இரைச்சலுக்குள்ளே சொன்னாள்.

"அக்கா, அங்க நான் செய்யிற வேலையும் நீங்க அம்மாவுக்குச் செய்ததுதான். வயசுபோன ஆக்களைக் குளிப்பாட்டி, புரட்டி, சாப்பாடு தீத்திறது. என்ர நேரம் முடிஞ்சா அடுத்தவ வருவா, நான் வீட்டை போவன். உங்களுக்கு ஒருத்தரும் வரேல்ல."

அவள் அழவில்லை. பெட்டியின் பலகையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். நான் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்த ஒன்றைச் சொன்னேன். அம்மாவின் அக்கா, எங்கள் பெரியம்மா, ஓலைத்தொடுவாயில் படுக்கையில் விழுந்துவிட்டா. நான் இப்போது சும்மாதானே இருக்கிறேன், என்னிடம் கொண்டுவந்து விடப்போகிறோம் என்று பெரியம்மாவின் மூத்த மகன் பூசையன்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். நான் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

"உங்களுக்கு விருப்பமோ?" என்று கேட்டாள்.

"இல்லை," என்றேன். இரைச்சலில் அவளுக்குக் கேட்கவில்லை. திரும்பவும் சொன்னேன். இந்தமுறை கமக்காரரே திரும்பிப் பார்த்தார்.

அந்த வாரமே இருவரும் ஓலைத்தொடுவாய்க்குப் போனோம். பெரியம்மா என்னைக் கண்டதும் கையைப் பிடித்துக்கொண்டா. விடவேயில்லை. அந்தக் கைக்குள் என் கை இருக்கும்போது மகன்மாரிடம் சொல்வது பெரிய பாடாக இருந்தது. வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போக என்னால் ஏலாது, ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிந்து வந்து பொழுதுபடும்வரை பார்ப்பேன் என்றேன். மூத்தவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு வெளியே போகப் பார்த்தார். தங்கை அவரை மறித்தாள். அவருடைய தம்பிக்காரனையும் கூப்பிட்டு, கட்டிலின் இரண்டு பக்கத்திலும் நிற்கவைத்து, கீழே விரித்த சீலையைப் பிடித்து நோகாமல் புரட்டும் விதத்தைக் காட்டினாள். இருவரும் கடலுக்குப் போகிறவர்கள், வலை இழுக்கிற கைகள். முதல் தரம் பெரியம்மா முனகினா. மூன்றாம் தரம் சத்தமில்லாமல் புரண்டா.

இளைய மருமகள் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். அவளுடைய கண்களுக்குக் கீழே கருமை. நான் இல்லை என்றதால் அந்தப் பாரத்தில் பாதி அவள் தலையில் விழும் என்று எனக்குத் தெரியும். அவள் என்னைக் கோபமாகப் பார்க்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை எத்தனை மணிக்கு வருவீர்கள் என்று மட்டும் கேட்டாள்.

தங்கை சைக்கிளைத் திரும்ப அட்டைப்பெட்டியில் போட்டுக்கொண்டு நோர்வேக்குப் போய்விட்டாள். போகமுன், என்னோடு வாங்கோ என்று கேட்டாள். இப்போதைக்கு எங்கேயும் வர ஏலாது என்றேன், அவளும் வற்புறுத்தவில்லை.

மகன்மார் இரவுகளை மாறி மாறிப் பார்க்கிறார்கள். மூத்தவர் கடலுக்குப் போகும் நாட்களில் தவறும். அவர் இன்னமும் என்னோடு முகம்கொடுத்துப் பேசுவதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் போனதும் இளைய மருமகள் அறைக்குள் போய்ப் படுத்துவிடுவாள். பெரியம்மாவைத் துடைத்து, உடுப்பு மாற்றி, கஞ்சி தீத்திவிட்டு, மருமகள் எழும்பும்வரைக்கும் கதிரையில் இருப்பேன். பொழுதுபடும்போது பஸ் எடுத்து வீட்டுக்கு வந்துவிடுவேன்.