கதிர் மருந்தும் காலைச் சோதனையும்

உடம்புக்குள் கதிர்மருந்தை ஊசியில் ஏற்றி, அது எங்கே போய்ச் சேர்கிறது என்று கேமராவில் பார்ப்பது எங்கள் தொழில்; ஆனால் காலையில் முதல் நோயாளி எப்போதும் அந்தக் கேமராதான். மெஷினோடு மல்லுக்கட்டிப் பிழைப்பவர்களுக்கு இது சொல்லாமலே புரியும். போடியிலிருந்து மலைமேல் இருக்கிற மெட்டுக்கு ஏறுகிற ரோட்டில் எங்கள் ஸ்கேன் சென்டர். பதினொரு வருஷமாக மெஷின்களைச் சோதிக்கிற சோலி என்னுடையது.

கறுப்புப் பொட்டு

தினமும் கதிர்வீச்சுள்ள ஒரு தட்டைக் கேமரா மேல் வைத்துப் படம் எடுப்போம். துவைத்து விரித்த வேட்டி மாதிரி ஒரே சீராக வரவேண்டும். அன்று ஓரத்தில் ஒரு கறுப்புப் பொட்டு. உள்ளே கதிரைப் பிடிக்கிற குழாய்களில் ஒன்று செத்துப்போயிருந்தது.

வெளியே பேச்சியம்மாக்கா காத்திருந்தார். ஏலக்காய் தரம் பிரிக்கிறவர். மார்புப் புற்றுநோய்க்கு ஆபரேஷன் ஆகியிருந்தது. அது எலும்புக்குப் பரவியிருக்கிறதா என்று பார்க்க, முதல் ஜீப்பைப் பிடித்து மலையிறங்கி வந்திருந்தார். “ஓரத்துலதானே, ஸ்கேன் எடுத்துரலாமே” என்றார் மேனேஜர். அந்தப் பொட்டு விழுகிற இடத்தில் அக்காவின் எலும்பில் ஏதாவது இருந்துவிட்டால்? மாட்டேன் என்றேன்.

திட்டு வாங்கத் தயாராகத்தான் அக்காவிடம் போனேன். மெஷின் பழுது, இன்றைக்குப் பார்க்க முடியாது என்றதும் அவர் சொன்னார்: “சல்லடையில கிழிசலை வச்சுக்கிட்டுக் காயைச் சலிச்சா, சொத்தையும் நல்லதும் ஒண்ணாத்தான் விழும். சரி பண்ணிட்டுக் கூப்பிடு அப்பு, வர்றேன்.”

நாலாம் நாள் வந்தார். எலும்பெல்லாம் சுத்தம். ரிசல்ட்டைச் சொல்லிவிட்டு நான்தான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அவர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டே சொன்னார்: “சீக்கு வந்தது எனக்கு, நீ ஏன்ப்பா அழுவுற? வெரசா வழிய விடு, ஜீப்பு போயிரும்.”

சுவருக்கு அந்தப் பக்கம்

ஆளில்லாத அறையிலும் கேமரா கொஞ்சம் கதிரை எண்ணிக்கொண்டே இருக்கும். அந்த எண்ணிக்கை ஒருநாள் மூன்று மடங்கு ஏறிவிட்டது. மருந்து எங்கோ சிந்திவிட்டது என்று தரையைத் துடைத்தோம், மேசையைத் துடைத்தோம், செருப்புகளைக் கழற்றிச் சோதித்தோம். ஒன்றும் இல்லை. கடைசியில் கதிர்மானியைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தேன். அது கத்தக் கத்தப் பின்னாலேயே போனால், சுவருக்கு அந்தப் பக்கத்து பெஞ்சில் கேரளாப் பக்கத்துத் தோட்டத்து மேஸ்திரி ஒருவர் ஆமவடை தின்றுகொண்டிருந்தார்.

கதிர்மருந்து ஊசி போட்டு, தனி அறையில் உட்காரச் சொல்லியிருந்த ஆள். அங்கே ஃபேன் ஓடவில்லையாம், காற்று வாங்க வந்துவிட்டார். கதிர்மானியை நீட்டியதும் அது அலறிய அலறலில் வடையைக் கீழே வைத்தார். “எந்தா சாரே, நான் பாட்டுக்குச் செவனேன்னு உக்காந்திருக்கேன். ஒங்க மெஷினுக்கு என்னையக் கண்டா மட்டும் ஆகலையா?”

காணாமல் போன குப்பி

மருந்தின் அளவைக் காட்டுகிற மெஷினைச் சோதிக்க ஒரு சின்னக் கதிர்க்குப்பி உண்டு. ஈயப் பாத்திரத்துக்குள் பூட்டி வைப்போம். நோயாளிகள் வராத ஒரு நாள் மதியம் பாத்திரத்தைத் திறந்தால், காலி! அது யார் பையிலாவது போயிருந்தால், யார் வீட்டுப் பிள்ளையாவது எடுத்து விளையாடினால்? எங்கள் சென்டர் டாக்டரம்மாவுக்குப் போன் போட்டேன். கதவுகளைச் சாத்தினோம். குப்பைத்தொட்டி, அலமாரி, உடுப்பு எல்லாம் பார்த்தாயிற்று. கதிர்மானி வாயே திறக்கவில்லை. அறிக்கை எழுதப் பேனாவை எடுத்துவிட்டேன்.

தரை துடைத்துக்கொண்டிருந்த முத்துலட்சுமி அளவு மெஷின் முன்னால் நின்று கேட்டார்: “அண்ணே, உள்ள ஒண்ணுமே இல்லேங்கிறீக, அப்பறம் எதுக்கு இதுல நம்பர் ஓடுது?”

காலையில் சோதிக்கும்போது ஒரு போன் வந்தது. குப்பியை மெஷினுக்குள்ளேயே விட்டுவிட்டுப் பேசப் போனவன் நான்தான். சுற்றி ஈயம் போர்த்தியிருந்ததால் கதிர்மானிக்கும் தெரியவில்லை. குப்பியைப் பூட்டினேன், என் தவறு என்று பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். டாக்டரம்மா அதைப் படித்துவிட்டுச் சொன்னார்: “மெஷின் பாஸு. நீங்க நாளைக்குத் திரும்ப வந்து பரீட்சை எழுதுங்க.”

மெஷின் சரியாக இருக்கிறதா என்று நான் பார்க்கிறேன். நான் சரியாக இருக்கிறேனா என்று பார்க்கத்தான் இத்தனை பேர் மலையிறங்கி வருகிறார்கள் போலிருக்கிறது.