ஊசியையும் சேர்த்துச் சொல்றேன்

மாதாவோட பிள்ளைங்களே, நான் செசிலி. வில்லியனூருக்கு மேற்கால இருக்கிற இந்த ஊர்லதான் நட்டு, களை எடுத்து, அறுத்துக் குனிஞ்சே வளந்தவ. என் இடுப்பு என்னைக் கைவிட்டுச்சு. அதை மன்னிச்சுட்டேன். கூடப் பொறந்தவ கைவிட்டதைத்தான் இன்னும் முழுங்க முடியல. ரெண்டையும் சொல்லத்தான் இங்க நிக்கிறேன்.

பிரெஞ்சுக் கொடி எறங்கின அடுத்த வருஷம், சம்பா நடவுல நாத்துக் கட்டைத் தூக்கினேன். இடுப்புல சுளீர்னு ஒரு வெட்டு. தைலம், ஒத்தடம், நீவல் எல்லாம் பார்த்தாச்சு. வலி இடது காலுக்கு எறங்கிச்சு. அப்புறம் காலே மரத்துப் போச்சு. ஒருநாள் வெளிய போயிட்டு வந்து உக்காந்தேன். "ஏய், காலைப் பாருடி!"ன்னு வூட்டுக்காரரு கத்தினாரு. உள்ளங்கால்ல கருவேல முள்ளு ஏறி ரத்தம் வழியுது. எனக்குத் தெரியவே இல்ல. அன்னிக்குத்தான் பயந்தேன்.

பாண்டிச்சேரி ஆஸ்பத்திரிக்கு வண்டி கட்டினாரு. டாக்டர் பிரெஞ்சுக்காரரு. அவர் சொன்னதை நர்ஸம்மா தமிழ்ல சொன்னாங்க. "நரம்புல ஊசி வச்சு கரண்டு விட்டுப் பாக்கணும். நரம்பு உயிரோட இருந்தா வைத்தியம் உண்டு. தள்ளிப் போடாதம்மா." கரண்டுன்னா தொட்டா சாவுன்னு மட்டும்தான் எனக்குத் தெரியும். யோசிச்சுட்டு வரேன்னு ஓடி வந்துட்டேன்.

எங்க மார்த்தா அக்கா எனக்கு அம்மா மாதிரி. ஊருக்கே செபமாலை சொல்லிக் குடுக்கறது. அதுக்கும் இதே இடுப்பு வலி இருந்துச்சு. பாகூர்ல மக வூட்டுக்குப் போறேன்னு கெளம்பி, ஒரு மாசம் கழிச்சு நிமிந்து நடந்து வந்துச்சு. மாதா பாதத்துல வச்ச எண்ணெயைத் தடவினேன், வலி போச்சுன்னு இதே கோயில்ல சாட்சி சொல்லிச்சு. கேட்டு நானும் அழுதேன்.

அக்கா கிட்டதான் போய்க் கேட்டேன். "இன்னாடி, ஊசியா? அதைப் போட்டுக்கினவ எவளும் எழுந்து நடந்ததில்ல. உன்னை நான் மாதாவுக்கு அடிமை வச்சிட்டேன். மீட்கிற வரைக்கும் உன் மேல ஊசி படக் கூடாது"ன்னுச்சு.

அடிமை வைக்கிறது நம்ம வழக்கம்தானே. நோயாளியை மாதாவுக்குன்னு விட்டுடறது, வச்சவங்களே திருநாள்ல வந்து காணிக்கை குடுத்து மீட்டுக்கறது. ஊசி படக் கூடாதுன்னு நான் கேள்விப்பட்டதே இல்ல. ஆனா சொன்னது எங்க அக்கா ஆச்சே! எண்ணெயைத் தடவிக்கினு கெடந்தேன். கால் சூம்பிச்சு. திருநாள் வந்துச்சு, அக்கா மீட்கல. "வலி போவலியே. உனக்கு விசுவாசம் பத்தல"ன்னுச்சு. முள்ளு ஏறினது தெரியாத எனக்கு இது நல்லாவே ஏறிச்சு.

சுவத்தைப் பிடிச்சுக்கினு பீடத்துக்கு முன்னாடி வந்தேன். "மாதாவே, நான் உன் அடிமைன்னா உனக்கு வேலை செய்யவாவது கால் வேணாமா? போவட்டுமா, வேணாமா? நீயே ஒரு வழி காட்டு"ன்னு சண்டை போட்டேன்.

அந்த வாரமே வூட்டுக்காரரு விடாப்பிடியா வண்டி கட்டினாரு. ஊசி வேணாம்னு டாக்டர் கிட்டயே சொல்லிட்டு வரத்தான் நானும் ஏறினேன். நர்ஸம்மா என்னை உத்துப் பாத்தாங்க. "உங்க ஊரு மார்த்தா உனக்கு இன்னா வேணும்? அதே ஜாடையா இருக்கியே. போன வருஷம் இதே மேசையில படுத்தா, இதே ஊசிதான். எறும்பு கடிச்சாப்ல இருக்குன்னு சிரிச்சா. ஒரு மாசம் இங்க வைத்தியம் பாத்துக்கினு நடந்து போனா."

பாகூர்னு சொன்ன மாசம்! அடிப்பாவி! எனக்கு அழுகை கூட வரல. நான் கேட்ட வழி இதுதான்னு மட்டும் புரிஞ்சுது. மேசையில ஏறிப் படுத்தேன். "குத்துங்கம்மா"ன்னேன். வலிச்சுது, பொய் சொல்ல மாட்டேன். ஆனா செத்துப்போச்சுன்னு நெனைச்ச கால்ல கட்டைவிரல் துடிச்சுது. "உயிர் இருக்கு"ன்னாங்க. மாதாவேன்னு கத்திட்டேன்.

நரம்பை அமுக்கற எலும்பு விலகட்டும்னு பலகையில படுக்க வச்சு, கால்ல எடை கட்டித் தொங்க விட்டாங்க. பொறுத்துக்கினேன். இன்னிக்கு ஊனுகோல் இல்லாம உங்க முன்னாடி நிக்கிறேன். இந்த வருஷத் திருநாள்ல, அடிமை வச்ச அக்காவுக்குப் பதிலா என் வூட்டுக்காரருதான் என்னை மீட்டாரு.

அக்காவைக் கேட்டேன். "ஊரு முன்னாடி எண்ணெய்னு சொல்லிட்டேனேடி, எப்படி மாத்திச் சொல்றது?"ன்னுச்சு. அதுக்கு என் காலுதான் கெடைச்சுதா?

எழுந்து போவாத அக்கா, உக்காரு. முடிச்சுடறேன்.

இடுப்பைப் பிடிச்சுக்கினு உக்காந்திருக்கிற அம்மாங்களே, மாதாவை நம்புங்க. நம்பி வண்டி ஏறுங்க. திரும்பி வந்து சாட்சி சொன்னா ஊசியையும் சேர்த்துச் சொல்லுங்க. எனக்காகவும் ஒண்ணு வேண்டிக்குங்க. அக்காவை மன்னிக்கிற மனசு குடுன்னு தினமும் கேக்கிறேன். அந்த ஒண்ணு மட்டும் எனக்கு இன்னும் கெடைக்கல.