சவரிமுத்து சொன்ன உதாரணம்

சவரிமுத்து காலமான செய்தி எனக்குப் பக்கத்து வீட்டுத் தொலைபேசியில் வந்தது. காரைக்குடியிலிருந்து பழைய அலுவலக நண்பர் அழைத்திருந்தார். "மாரடைப்பாம் சார். காலையில பூசைக்குப் போயிட்டு வந்து உக்காந்தவருதான்" என்றார். அடக்கத்துக்குப் போனேன். அங்கே இரண்டு பேர் அவரைப் பற்றி, "சர்வரைக் கெடுத்துப்புட்டு வேலையை விட்டுப் போனவரு" என்று பேசிக்கொண்டார்கள். அது சரியல்ல. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

காரைக்குடியில் எங்கள் ஆய்வு நிலையத்தின் கணினி அறையை அவரும் நானும் பார்த்துக்கொண்டோம். நான் நிரந்தரம், அவர் ஒப்பந்தம். எங்கள் சர்வர் ஓடியது லினக்ஸில்; அந்தப் பெயரை ஊரில் பலர் கேள்விப்படாத காலம். ஒரு முறை எலி கேபிளைக் கடித்து, எல்லோருடைய கோப்புகளும் இருந்த வட்டுப்பெட்டி சர்வருக்குத் தெரியாமல் போய், வேலை நாள்கணக்கில் முடங்கியது. அதன் பிறகு அவர் சர்வரில் இரண்டாவது இணைப்பு கார்டு போட்டு, இரண்டாவது கேபிளை வேறு சுவர் வழியாகக் கொண்டுவந்தார். ஒன்று அறுந்தால் மற்றதற்கு மாறிக்கொள்ள ஒரு சின்ன நிரலும் எழுதினார். "எலிக்கு ரெண்டு சுவரும் ஒரே நாள்ல பசிக்காது" என்பார்.

இதில் ஒரு சங்கடம். ஒரே வட்டு இரண்டு கேபிளில் வருவதால், திரையில் இரண்டு வட்டுகளாகத் தெரியும். இயக்குநர் அதைப் பார்த்துவிட்டார். "ஒண்ணு சும்மாதான கிடக்கு? புதுத் திட்டத்துக்குக் குடுங்க" என்றார். சவரிமுத்து முடியாது என்றதும், அவர் வட்டைப் பதுக்குகிறார் என்று பேச்சு கிளம்பியது.

அவர் வாதாடவில்லை. மறுநாள் தேநீர் வேளையில் இயக்குநர் உட்பட எங்கள் எல்லோரையும் பக்கத்துத் தெருவுக்கு அழைத்துப் போனார். ஒரு பெரிய வீட்டின் முன்வாசலில் ஆச்சியிடம் தண்ணீர் வாங்கிக் குடித்தார். பிறகு சுற்றிக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போய், அங்கே ஒரு கதவைத் தட்டினார். அதே ஆச்சி வந்து திறந்தார். "இப்பத்தான அங்குட்டுக் குடிச்சீக, அதுக்குள்ளயுமா?" என்றார். இயக்குநர் சிரித்துவிட்டார். வீடு ஒன்று, வாசல் இரண்டு, கதவு எண்ணும் இரண்டு. எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது என்று நானும் நினைத்தேன்.

கூட வந்தவர்களில் வள்ளியம்மை ஒருத்தி. நாட்டரசன்கோட்டைப் பெண், ஆய்வு மாணவி; அவளுடைய அளவீடுகள் எல்லாம் அந்த வட்டில்தான் இருந்தன. விடுமுறையில் வேலை பார்ப்பவர்களுக்குக் கொடுத்திருந்த பாஸ்வேர்ட் அவளிடமும் உண்டு. ஒரு ஞாயிற்றுக்கிழமை நிறையக் கோப்புகளை ஏற்ற வேண்டியிருந்தது. அவள் வீட்டுக் கல்யாணத்தில் ஆட்கள் முன்வாசலில் வருவார்கள், சாமான்கள் பின்வாசலில் இறங்கும். இரண்டும் சேர்ந்தால்தான் வேலை ஓடும். அதே நினைப்பில் இரண்டு வழியையும் ஒரே நேரத்தில் திறந்துவிட்டாள். ஆனால் ஒரு வழியில் எழுதுவது மற்ற வழிக்குத் தெரியாது. ஒன்று எழுதிய இடத்தின் மேலேயே மற்றது எழுதியது. திங்கள் காலை வட்டில் பாதி கந்தல்.

அவள் அழுதுகொண்டே சவரிமுத்துவிடம் வந்து சொன்னாள். "ரெண்டு வாசலும் ஒரே வீடுன்னு சொன்னீகளே சார்."

"சொன்னேன்ல. உதாரணம் எங்குட்டு முடியுதுன்னு சொல்லல. போயி மூஞ்சியக் கழுவிட்டு வா" என்றார். காப்புப் பிரதி எடுத்து வைத்த நாடாவில் இருந்ததை மீட்டார். இல்லாததை உடைந்த துண்டுகளிலிருந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கி ஒட்டினார். அந்த வாரம் முழுக்க அவர் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை. எனக்குக் கூட எரிச்சலாக இருந்தது. அவளுடைய அளவீடுகள் ஏறக்குறைய முழுதும் திரும்பி வந்தன.

இயக்குநர் யார் செய்தது என்று கேட்டார். பெயர் தெரிந்தால் அவள் உதவித்தொகை நின்றுவிடும், ஆய்வும் அதோடு போகும். சவரிமுத்து, "நான்தான்" என்றார். அடுத்த ஆண்டு அவருடைய ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. எதற்கய்யா இந்த வேண்டாத வேலை என்று நான் சத்தம் போட்டேன். "அந்தப் பிள்ளைக்கு இதை விட்டா வேற போக்கிடம் இல்ல. எனக்கு மதுரையில வேலை தயாரா இருக்கு. நீங்க எதுக்குக் கவலைப்படுறீக?" என்றார். நானும் நிம்மதியாக வேறு ஊருக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

வள்ளியம்மை இன்று முனைவர். இதை எழுதட்டுமா என்று கேட்டபோது, "பேரோட எழுதுங்க சார்" என்றாள்.

அடக்கம் முடிந்து, அவருடைய மனைவியிடம் மதுரை வேலையைப் பற்றி ஏதோ ஆறுதலாகச் சொன்னேன். அவர் விழித்தார். "மதுரையிலயா? அப்படி ஒரு வேலையும் வரலையே. அந்த வருசம் பூராம் வீட்டுலதான இருந்தாக."

திரையில் வரும் ஒரு எழுத்தைக்கூடத் தோராயமாகச் சொல்லாத மனிதர் அவர். என்னிடம் அவர் சொன்ன பொய் அது ஒன்றுதான். அதை நான் பத்திரமாக வைத்துக்கொள்கிறேன்.