எல்லாப் பூவிலும் ஒரு பூச்சி

என் வீட்டுக்காரருக்குப் பூவென்றால் பெரிய ஆசையெல்லாம் கிடையாது. ஆனாலும் தோட்டத்தில் எங்கே என்ன பூத்திருக்கிறது என்று அவருக்குத்தான் முதலில் தெரியும். எண்ணெய் எடுக்கிற செம்பனைக் குலைகளை ஏற்றும் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். உயரத்தில் உட்கார்ந்து நாள் முழுக்கத் தோட்டத்துச் சாலையில் போய்வருகிறவர் கண்ணுக்கு எது தப்பும்? சாப்பிட வரும்போது, "ஆத்தோரம் ஊதாவா ஒண்ணு பூத்துக் கெடக்கு, போய்ப் பாரு" என்பார். எனக்குச் செண்டாயானில் ஒரு தொழிற்சாலையில் மத்தியான ஷிப்ட். காலை நேரம் என்னுடையது. படம் எடுக்கக் கைப்பேசியோடு கிளம்புவேன். "என்னக்கா, பூவுக்கு மாப்பிள்ள பாக்கக் கெளம்பிட்டீங்களா?" என்று பக்கத்து வீட்டுக்காரி கேலி செய்வாள். செய்யட்டும் என்று போய்க்கொண்டே இருப்பேன்.

புக்கிட் பெலண்டோக் பக்கம் இன்னும் கொஞ்சம் ரப்பர் பால்மரங்கள் மிச்சமிருக்கின்றன. தைப்பூசத்தை ஒட்டி இலை சிவந்து கொட்டும். பிறகு தளிர் விடும்போது கூடவே பொடிப்பொடியாய் ஒரு மஞ்சள் பூ வரும். அதை யாரும் தலையில் வைப்பதில்லை, சாமிக்கும் போடுவதில்லை. அதனாலேயே எனக்கு அதன் மேல் தனிப் பிரியம். அந்த வருடம் அந்தப் பூவைக் கிட்டத்தில் எடுக்க நான் படாத பாடு பட்டுக்கொண்டிருந்தபோதுதான் அவர் கண்ணைக் கசக்க ஆரம்பித்தார்.

"சூடு" என்றார். நாள் பூராவும் என்ஜினுக்கு மேல் உட்கார்ந்திருந்தால் சூடு பிடிக்காமல் என்ன செய்யும்? நம் ஆட்களிடம் சூட்டுக்கு மருந்தா இல்லை? சனிக்கிழமை எண்ணெய்க் குளியல். கண்ணுக்கு நந்தியாவட்டை. கோயில் வேலியோரம் இருந்த செடியை முதலில் நாலு படம் எடுப்பேன், அப்புறம் பூவைப் பறித்துவந்து தண்ணீரில் நனைத்து, படுத்திருப்பவரின் மூடிய இமைகள் மேல் வைப்பேன். "குளுகுளுன்னு இருக்குலா" என்பார். அவருக்கு இனிப்பு நீர், அதாவது சர்க்கரை வியாதி, இருந்தது. மாத்திரையை நினைவிருந்தால் போடுவார். இனிப்பு நீர் என்றால் நாங்கள் காலைத்தான் பார்ப்போம், விரலிடுக்கில் புண் இருக்கிறதா என்று. கண்ணை யார் நினைத்தது?

வெயில் காலம் முழுக்க அப்படியே போயிற்று. அவர் பூ இருக்கும் இடத்தைச் சொல்வது குறைந்து, நின்றேவிட்டது. வறட்சியில் பூ இல்லை போலிருக்கிறது என்று நானும் விட்டுவிட்டேன். ஒரு நாள் சும்மா நடந்துபோனால், அவர் தினமும் போய்வரும் சாலையின் கம்பிவேலி கண்ணுக்குத் தெரியாதபடி ரோஸ் நிறக் கொடி மூடிக் கிடக்கிறது. வீட்டுக்கு வந்து, "இத ஏன் சொல்லல?" என்று கேட்டேன்.

"வேல செய்றவனுக்குப் பூப் பாக்க நேரமா இருக்கு?"

எனக்குக் கோபம் மூக்கு மேலேயே உட்கார்ந்திருக்கும். அன்று அவருக்குச் சோற்றைப் போட்டுவிட்டு நான் உள்ளே போய்விட்டேன்.

மழை பிடித்துக்கொண்டது. மழை விட்டதும் எடுக்கிற படம்தான் படம். இலை கழுவிவிட்டதுபோல் இருக்கும், இதழ் நுனியில் தண்ணீர் நிற்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரை உட்காரவைத்து ஒவ்வொன்றாய்க் காட்டினேன்.

"நல்லாத்தான் இருக்கு. அந்தப் பூச்சிய வெரட்டிட்டு எடுத்திருக்கலாம்."

பூவில் பூச்சி இல்லை. அடுத்த படத்தைத் தள்ளினேன். அது வேறு பூ.

"இதுலயும் ஒக்காந்திருக்கு பாரு."

மூன்றாவது படத்தில் வெறும் இலைதான். அவர் விரலை நீட்டித் திரையைத் துடைத்தார். மறுபடியும் துடைத்தார். நான் கைப்பேசியைக் கீழே வைத்தேன்.

"என்னங்க, எவ்வளவு நாளா இப்படித் தெரியுது?"

சட்டென்று எழுந்துவிட்டார். தெரிந்தேதான் இருந்திருக்கிறார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துக்கொண்டு தினமும் லாரி ஏறியிருக்கிறார்.

சிரம்பான் ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றேன். வரமாட்டேன் என்றார். "டாக்டரு லாரி ஓட்டாதன்னுட்டா? மண்டோரு வேலய விட்டு நிறுத்திடுவாரு. அப்பறம் நான் என்ன செய்ய? எனக்கு வேற என்னா தெரியும்?"

"கண் கெட்ட பெறகு சூரிய நமஸ்காரமா?" என்று கத்திவிட்டேன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

அவர் கோபிக்கவில்லை. "இந்த ரோட்டுல கண்ணக் கட்டிவிட்டாலும் நான் ஓட்டுவேன்" என்றார். அதைக் கேட்டுத்தான் எனக்கு அதிகம் பயம் வந்தது. அந்தச் சாலையில்தான் புல்வெட்டப் போகும் பெண்கள் நடக்கிறார்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள் போகிறார்கள். நான் கெஞ்சினேன், திட்டினேன், அழுதேன். "பாக்கலாம், பாக்கலாம்" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வரவில்லை.

அந்த வாரமே ஒரு காலை. எண்ணெய் ஆலைக்குத் திரும்பும் வளைவில் சாலையோரம் மஞ்சள் பூச்செடி வரிசையாய் இருக்கும். செம்பனை ஓலையைத் தின்னும் புழுக்களை ஒழிக்கிற பூச்சிகள் வரட்டும் என்று தோட்ட நிர்வாகமே நட்டது. காலையில் விரிந்து உச்சி வெயிலுக்குள் மூடிக்கொள்ளும் பூ. குந்தி உட்கார்ந்து எடுத்துக்கொண்டிருந்தேன். லாரிச் சத்தம் கேட்டது. என்னை அங்கே பார்த்தால் அவர் ஹார்ன் அடிப்பார், நான் கையைத் தூக்குவேன், அது வழக்கம். எழுந்து நின்று கையைத் தூக்கினேன். சிவப்புச் சட்டை போட்டிருந்தேன்.

லாரி ஓரத்தை அணைத்து வந்தது. கண்ணாடிக்குள் அவர் முகம் நேராக என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஹார்ன் அடிக்கவில்லை. விலகவில்லை. நான் பக்கத்து லோங்காங் கால்வாய்க்குள் குதித்தேன். பின்சக்கரம் பூச்செடிகள் மேல் ஏறி இறங்கிப் போய்விட்டது. சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டேன். எனக்குக் கோபமே வரவில்லை. அவரை நினைத்து அழுகைதான் வந்தது.

மத்தியானம் சாப்பிட வந்தார். வேலைக்குப் போகவில்லை நான். குளித்துச் சோறு போட்டேன்.

"இன்னிக்கு வளைவுல உன்னக் காணோமே. போட்டோ எடுக்கப் போவலயா?"

"அங்கதான் நின்னேன்."

"எங்க?"

"உங்க லாரிக்கு முன்னால. கையத் தூக்குனேன்."

சோற்றில் இருந்த கை நின்றது. "ஹார்ன் அடிச்சேனா?"

"இல்லங்க. லோங்காங்குல குதிச்சுட்டேன்." சிராய்த்திருந்த முழங்கையை அவருடைய இடது கைக்குள் வைத்தேன். காயத்தை அவர் பார்க்கவில்லை, தடவித்தான் பார்த்தார்.

பிறகு சட்டைப்பையிலிருந்து லாரிச் சாவியை எடுத்துத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். "நீயே கொண்டுபோயி மண்டோர்கிட்ட குடுத்துடு" என்றார். "என் கையால குடுக்க மனசு வராது."