நான் எண்ணினால்தான் உயரும் கை

பம்மலில் ஒரு பாய் வீட்டுக்கு வாரத்தில் மூன்று நாள் பிசியோதெரபி செய்யப் போய்க்கொண்டிருந்தேன். ஹார்டுவேர் கடை வைத்திருந்தவர். பக்கவாதத்தில் வலது கையும் காலும் விழுந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. அவருக்கு ஒரே ஆசை. வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகைக்குத் தெருமுனைப் பள்ளிவாசல் வரை, யார் தோளையும் பிடிக்காமல் நடந்து போக வேண்டும். முதல் நாளே சொல்லிவிட்டார். நான் அதைக் குறித்துக்கொண்டு, பன்னிரண்டு பயிற்சிகள் அச்சிட்ட தாளை ஃபிரிட்ஜில் ஒட்டிவிட்டு வந்தேன்.

நான் இருக்கும்போது மட்டும் செய்தார். பக்கத்தில் உட்கார்ந்து ஒன்று, இரண்டு என்று எண்ணினால் கை உயரும். எண்ணுவதை நிறுத்தினால் கையும் நின்றுவிடும். மற்ற நேரமெல்லாம் வீட்டம்மாதான் ஊட்டிவிடுவார், சட்டை மாட்டிவிடுவார். தொழுகைக்கு முன் கை, முகம், கால் கழுவும் ஒளுவைக்கூட மக்கில் தண்ணீர் மொண்டு அந்தம்மாவே செய்துவிடுவார். சிகிச்சை என்றால் நான் வந்து செய்வது, அவ்வளவுதான். எனக்கு எரிச்சலாக வரும். உண்மையைச் சொன்னால் கொஞ்சம் பெருமையாகவும் இருக்கும். தான் இல்லாமல் ஒரு கை அசையாது என்பது எந்தப் பிசியோவுக்கும் கசக்காது.

அப்புறம் திருநீர்மலைக் கோயில் படியில் எனக்குக் கால் பிசகியது. தசைநார் கிழிந்து மூன்று வாரம் வீட்டோடு கிடந்தேன். நண்பன், அவனும் பிசியோதான், ஆறு பயிற்சிகள் கொண்ட தாளைக் கொடுத்தான். நான் ஊருக்கெல்லாம் கொடுக்கிற அதே மாதிரித் தாள். மேஜை மேல் வைத்தேன், அங்கேயே இருந்தது. வலி, சலிப்பு, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்கிற நினைப்பு. அந்தக் கடுப்பில் ஒரு நாள் பாய்க்கு போன் செய்து, பயிற்சி நடக்கிறதா என்று கேட்டேன். நீங்கள் வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார்.

"அப்போ ஜும்மாவுக்கும் நானே போய்ட்டு வரட்டுமா பாய்?"

போனை வைத்துவிட்டார். எனக்கு வாய்க்கொழுப்பு என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

மூன்று வாரம் முடிந்து ஒரு வெள்ளிக்கிழமை நொண்டிக்கொண்டே போனேன். கதவை அவரே திறந்தார். வீட்டம்மாதான் கதையைச் சொன்னார். நான் போன் செய்த அன்றே பாய் குழாயடியில் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு, யாரும் கிட்ட வரக் கூடாது என்று சொல்லிவிட்டாராம். அன்றிலிருந்து ஐந்து வேளை ஒளுவும் அவரேதான். இடது கையைக் கழுவ வலது கை வந்தே ஆக வேண்டுமே! முதலில் பாதித் தண்ணீர் சட்டையில்தான் போனதாம். இப்போது தெருவிலும் நடக்கிறார், வீட்டம்மா பத்தடி பின்னால் போவாராம். என் பன்னிரண்டில் ஒன்றையும் தொடவில்லை.

சந்தோஷமாக இருந்தது, கொஞ்சம் சுருக்கென்றும் இருந்தது. தினம் ஐந்து முறை அந்த வீட்டில் நடந்த காரியம். அதையே பயிற்சியாக்கலாம் என்று இத்தனை நாளில் எனக்குத் தோன்றவே இல்லை.

பாய் என் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்க எக்சர்சைஸ் பண்ணீங்களா சார்?"

பொய் நாக்கு நுனி வரை வந்தது. இல்லை பாய் என்றேன்.

அவர் தொப்பியை எடுத்து வலது கையாலேயே மாட்டிக்கொண்டார். "அப்போ இங்கயே உக்காந்து பண்ணிகினு இருங்க. நான் தொழுதுட்டு வந்து பாக்கறேன்."

படி இறங்கி நடந்தார். கூடப் போகவில்லையா என்று வீட்டம்மாவைக் கேட்டேன். இன்றைக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். நான் சோபாவில் காலை நீட்டி, ஒன்று, இரண்டு என்று எண்ணத் தொடங்கினேன்.